காலில் ஆணி: மறு

நீச்சல் குளத்தின் வாசலில் ஒரு பலகை உண்டு. 'தொற்றும் பாத நோய் உள்ளவர்கள் குளத்தில் இறங்கக் கூடாது.' புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரையும் அதன் முன்னால் நிறுத்தி உரக்க வாசித்துக் காட்டுவது பத்தொன்பது வருஷமாக விசில் மாஸ்டரின் வழக்கம். நீச்சல் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கியதால் வந்த பெயர். சொந்தப் பெயரும் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர யாருக்கும் அது தேவைப்படவில்லை.

தண்ணீருக்குள் இருக்கிறவர்களுக்குக் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தி, அவருக்கு மெதுவாகப் பேசவே வராமல் போய்விட்டது. ரகசியம் சொன்னால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். அதனால்தான் அன்று காலை குளத்தின் மேலாளர், "என்ன மாஸ்டர், நொண்டுறீங்க?" என்று கேட்டபோது விஷயம் ஊருக்கே தெரிந்துபோனது.

"ஒண்ணுமில்ல சார். கால்ல சின்னதா ஒரு ஆணி."

காதோடு காதாகச் சொன்னதாகத்தான் மாஸ்டரின் நினைப்பு. ஆழமான பக்கத்தில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தவர் பதறிப் போய்க் கரையேறினார்.

மேலாளர் குனிந்து பார்த்தார். வலது குதிகாலில் பட்டாணி அளவுக்கு ஒரு கெட்டியான தடிப்பு. "ஆணியோ மருவோ, அதைப் பெரிய ஆஸ்பத்திரி சொல்லட்டும். நீங்க பலகையைப் படிங்க" என்றார். மாஸ்டர் வழக்கம்போல உரக்கப் படித்தார். படித்து முடித்த பிறகுதான் அது தன்னைப் பற்றியது என்று அவருக்கு உறைத்தது.

கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். தொண்ணூறு நாளுக்குள் குணமானதற்குப் பெரிய ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். அதுவரை துண்டு கொடுக்கும் ஜன்னலில் உட்காரலாம். வாங்கி வராவிட்டால் அந்த ஜன்னலே நிரந்தரம்.

துண்டு ஜன்னலிலிருந்து குளம் நன்றாகத் தெரியும். அதுதான் கஷ்டம். நிலத்தில் மாஸ்டர் கொஞ்சம் அசடு. படிக்கட்டில் தடுக்குவார், கதவைத் தள்ள வேண்டிய இடத்தில் இழுப்பார். தண்ணீரில் இறங்கினால்தான் அவர் ஆள். போதாததற்கு வங்கி அம்மா வேறு. ஐம்பத்திரண்டு வயதில் நீச்சலுக்கு வந்தவர். வங்கியில் பெரிய அதிகாரி. முப்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவர். ஆறு மாதமாகக் குளத்தின் சுவரைப் பிடித்த பிடி விடவில்லை. போன வாரம்தான் மாஸ்டரை நம்பி, மூன்று எண்ணும் வரை கையை விட்டார். மாஸ்டரை ஜன்னலில் உட்காரவைத்த அன்று அவர் மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டார். புது மாஸ்டர் ஒருவர் வந்து கெஞ்சிப் பார்த்தார்.

"அவர் வர்ற வரைக்கும் நான் இதை விட மாட்டேன். நீங்க போய் வேற வேலை இருந்தா பாருங்க" என்று சொல்லிவிட்டார் வங்கி அம்மா.

வீட்டில் மாஸ்டரின் மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காலை இழுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். நாள் முழுக்கத் தையலைப் பார்க்கிற கண் அது.

"உள்ள கறுப்புக் கறுப்பாப் புள்ளி தெரியுது பாருங்க. ஆணி இல்லீங்க, மரு. என் அக்காவுக்கு வந்துச்சு. மருந்துக்கடையில அதுக்குன்னே பிளாஸ்டர் விக்கிறாங்க. வெந்நீர்ல கால ஊறவச்சு, தேய்ச்சு, ஒட்டிக்கிட்டே வந்தா ரெண்டு மூணு மாசத்துல போயிடும்."

"சான்றிதழ் வேணுமே!"

"கத்தாதீங்க. சான்றிதழுக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க. காலுக்கு என்கிட்ட வாங்க."

மாஸ்டர் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருக்கும்போது வீட்டில் கை வைப்பது மரியாதை இல்லை என்று அவருக்குப் பட்டது.

பெரிய ஆஸ்பத்திரிக்குள் யாரும் சும்மா நுழைந்துவிட முடியாது. வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். அடுத்து 'பாத சுத்தித் தொட்டி'. நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் சிமெண்ட் தொட்டி. அதில் இரண்டு காலையும் வைத்துப் பத்து எண்ண வேண்டும். பிறகு எல்லோரும் மிதித்த ஈரச் சாக்கு ஒன்றில் துடைத்துக்கொள்ள வேண்டும். தொட்டிக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் தலைமை டாக்டரின் படம். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, அதே தொட்டியில் நின்று சிரிக்கிறார்.

"தலைமை டாக்டரே தினமும் காலையில இதுல நின்னுட்டுத்தான் உள்ள போறார்" என்றார் காவலாளி.

மாஸ்டர் பத்தொன்பது வருஷம் தண்ணீரோடு குடித்தனம் நடத்தியவர். தொட்டியை ஒரு பார்வை பார்த்தார். "தண்ணி எப்ப மாத்துனது?"

"தண்ணியில மருந்து இருக்கு."

"மருந்து எப்ப போட்டது?"

"தொட்டி கட்டினப்போ."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தார். அவருக்கு முன்னால் நாற்பது பேர் வைத்திருந்தார்கள். பின்னால் அறுபது பேர் காத்திருந்தார்கள்.

பதிவு ஜன்னலில் உட்கார்ந்திருந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார். "என்ன?"

இங்கேதான் மாஸ்டர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மரு என்று சொல்ல அவருக்குக் கூச்சம். ஆணி என்றால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று நினைத்தார்.

"கால்ல ஆணி."

அந்த அம்மாள் 'காலில் ஆணி' என்று தட்டினார். கம்ப்யூட்டருக்குத் தெரிந்த ஆணி ஒன்றே ஒன்றுதான், சுவரில் அடிப்பது. அது ஒரு நொடிகூட யோசிக்காமல் சீட்டைத் துப்பியது: 'விபத்துப் பிரிவு. அவசரம்.'

விபத்துப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் இருந்தார். நல்ல பிள்ளை. தூங்கி இரண்டு நாள் ஆகியிருந்ததால் ஆளைப் பார்க்காமல் சீட்டை மட்டும் பார்த்தார்.

"எப்ப குத்துச்சு?"

"குத்தலைங்க. தானா வந்துச்சு."

"எப்ப?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ரெண்டு மாசமா ஆணியோட நடக்கறீங்களா!" டாக்டரின் குரலில் மரியாதை கூடியது. இப்படிப்பட்ட மனிதர்களைப் பார்ப்பது அபூர்வம். உடனே கையில் ஓர் ஊசி போட்டார். எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். அரை நாள் கழித்து அறிக்கை வந்தது: 'ஆணி தென்படவில்லை.' அப்போதுதான் டாக்டர் முதல் முறையாகக் காலைத் திருப்பிப் பார்த்தார்.

"அட, இது மரு! தோல் பிரிவுக்குல்ல போயிருக்கணும்?"

"அங்கேயே போறேங்க."

"போகலாம். ஆனா பதிவுல ஆணி ஏறிடுச்சே. அதைப் பொருளறையில ஒப்படைச்சாத்தான் கோப்பை மூட முடியும்."

இது அந்த ஆஸ்பத்திரியின் பழைய விதி. ஒருவர் உடம்புக்குள் ஒரு பொருள் இருப்பதாகப் பதிவானால், அந்தப் பொருள் கைக்கு வரும்வரை அவர் கணக்குத் தீராது. எப்போதோ ஒரு கத்தரிக்கோல் தொலைந்ததில் வந்த விதி என்கிறார்கள். அது எங்கே தொலைந்தது, யாருக்குள் தொலைந்தது என்பதெல்லாம் நமக்கு வேண்டாம்.

பொருளறை கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. அலமாரி முழுக்கக் கண்ணாடிப் புட்டிகள். விழுங்கிய பொத்தான், விழுங்கிய சாவி, மூக்கில் போன மணி, விரலில் ஏறிய தூண்டில் முள், எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டியிருந்தது. பொருளறைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு காலிப் புட்டியை எடுத்து முன்னால் வைத்தார்.

"போடுங்க."

"என்னத்தைங்க?"

"ஆணியை."

"என்கிட்ட ஆணி இல்லைங்க."

"பதிவுல இருக்கு. படத்துல இல்ல. கால்லயும் இல்லேன்னா அப்ப யார்கிட்ட இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, புட்டியில் மாஸ்டரின் எண்ணை எழுதி ஒட்டினார். காலிப் புட்டியை அலமாரியில் வைத்தார். அது அங்கே உட்கார்ந்துகொண்டு மாஸ்டருக்காகக் காத்திருக்க ஆரம்பித்தது.

தோல் பிரிவுக்குத் தலைமை டாக்டரேதான் தலைவர். மருவைப் பற்றி அவர் எழுதிய தடிப் புத்தகம் அவர் மேஜையிலேயே இருந்தது. மாஸ்டரின் காலைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. மணி அடித்துப் பன்னிரண்டு மாணவர்களை வரவழைத்தார்.

"மாணவர்களே, ஆணி வேறு, மரு வேறு. இதை நான் ஆணித்தரமாகச் சொல்வேன். நேராக அழுத்தினால் வலிப்பது காலாணி. இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலிப்பது மரு. பாருங்கள்." கிள்ளினார்.

மாஸ்டர் குளத்தின் அந்தக் கரைக்குக் கேட்கிற குரலில் அலறினார்.

"சரியான மரு! ஒவ்வொருவராக வந்து கிள்ளிப் பாருங்கள். ஏட்டில் படித்தால் போதாது, கை பழக வேண்டும்."

பன்னிரண்டு பேரும் கை பழகினார்கள். ஒன்பதாவது ஆள் கிள்ளியபோது பக்கத்து வார்டில் நடக்க முடியாமல் கிடந்த ஒருவர் எழுந்து ஓடியதாகச் சொல்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரியில் அன்று நடந்த ஒரே சிகிச்சை அதுதான்.

தலைமை டாக்டர் தொடர்ந்தார். "தோலின் ரேகை மருவுக்குப் பக்கத்தில் வந்ததும் ஒதுங்கிப் போவதைக் கவனியுங்கள். மரு போனால் ரேகை திரும்பி வரும். இந்தக் கறுப்புப் புள்ளிகளை ஜனங்கள் வேர் என்று நினைத்துப் பிளேடால் தோண்டுகிறார்கள். வேர் அல்ல, அடைபட்ட சின்னஞ்சிறு ரத்தக் குழாய்கள். இது ஒரு வைரஸ். பலர் வெறுங்காலோடு மிதிக்கிற ஈரமான பொது இடங்களில்தான் இது பரவும். இந்தப் பிரச்சனையின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது."

சொல்லும்போது அவர் கால் இரண்டும் தொட்டி ஈரத்தில் பளபளத்தன. பதிமூன்று ஜோடி ஈரக் காலடிகள் தரையில் வரிசையாகத் தெரிந்தன. அதை யாரும் கிள்ளிப் பார்க்கவில்லை.

"அப்ப வைத்தியம் ஆரம்பிக்கலாங்களா?" என்றார் மாஸ்டர் ஆசையாக.

தலைமை டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் வாடியது. "இதுல ஆணின்னு போட்டிருக்கே. நான் தோல் டாக்டர். இரும்பை நான் எப்படித் தொடுவேன்? போய்த் திருத்திட்டு வாங்க. மருன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

அந்த ஒரு வார்த்தைக்காக மாஸ்டர் பதிவு ஜன்னலுக்குப் போனார். 'ஆணி அல்ல, மரு' என்று தன் கையால் எழுதிக் கொடுத்தார். உணவு இடைவேளைக்கு மூன்று நிமிடம் இருந்தது. அந்த அம்மாள் அவசரமாகத் தட்டி, சீட்டை நீட்டிவிட்டு, ஜன்னலை மூடினார். சீட்டில் இப்படி இருந்தது:

'காலில் ஆணி: மறு.'

சின்ன ர போட வேண்டிய இடத்தில் பெரிய ற. பள்ளிக்கூடத்தில் என்றால் ஒரு மதிப்பெண் போயிருக்கும். இங்கே மாஸ்டருக்கு ஒரு மாதம் போனது.

எக்ஸ்ரே அறைக்காரர் சீட்டைப் படித்தார். "மறுன்னா மறுபடி. ஆணி இருக்கான்னு மறுபடி எடுக்கச் சொல்றாங்க. ஏறிப் படுங்க." மறுபடி எடுத்தார். ஆணி மறுபடியும் தென்படவில்லை. 'மறு' அழியாமல் இருந்ததால் அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் எடுத்தார். படம் எடுக்குமுன் ஊசி போட வேண்டும் என்பது விதியாகையால் ஒவ்வொரு தடவையும் ஊசியும் விழுந்தது. தடவைக்கு ஒரு முறை தொட்டியில் கால் வைத்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

பொருளறைக்காரர் அதே சீட்டை வேறு விதமாகப் படித்தார். அவர் இலக்கணம் தெரிந்தவர்.

"மறுன்னா மறுக்கறது. நோயாளி ஆணியை மறுக்கிறார்னு எழுதியிருக்கு."

"நான் மறுக்கலைங்க!" என்று மாஸ்டர் கத்தினார்.

"அப்ப ஒத்துக்கறீங்க."

"என்னத்தை?"

"ஆணி உங்ககிட்ட இருக்குன்னு."

அதற்கு மாஸ்டர் என்ன சொன்னாலும் அது ஆணிக்குச் சாதகமாகவே போய் முடிந்தது. மறுநாள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. தங்கள் காலில் இருந்த ஆணியைத் தாங்களே வைத்துக்கொண்டு, அதை இல்லையென்று மறுப்பதற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கும்படி கேட்டிருந்தார்கள். மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் ஓடினாலும் வலித்தது.

அன்று துண்டு ஜன்னலில் உட்கார்ந்து குளத்தைப் பார்த்தார். வங்கி அம்மா கழுத்தளவுத் தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு இவர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். புது மாஸ்டர் தூரத்தில் நின்று கொட்டாவி விட்டார். மாஸ்டருக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல வேளை, துண்டுகள் பக்கத்திலேயே இருந்தன.

வீட்டுக்குப் போனதும் காலை நீட்டினார். மனைவி 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை. சொல்லாமலே அது அவள் முகத்தில் இருந்தது. பத்து நிமிடம் காலை வெந்நீரில் ஊறவைத்தாள். மேலே வெளுத்து நின்ற செத்த தோலை நுரைக்கல்லால் மெதுவாகத் தேய்த்தாள். அந்தக் கல்லை வேறு யாரும் தொடக்கூடாதென்று தனியாக ஒரு டப்பாவில் போட்டாள். சட்டைக்குத் துணி வெட்டுகிற கத்தரியால் பிளாஸ்டரை மருவின் அளவுக்கு, நூல் பிசகாமல் வெட்டி ஒட்டினாள்.

"பிளேடு எடுத்தீங்க, தொலைச்சிடுவேன்."

"எடுக்க மாட்டேன்."

"வீட்டுக்குள்ளயும் செருப்புப் போட்டுக்கங்க. எனக்கு வந்தா நான் எந்தக் காலால மெஷின் மிதிக்கறது?"

நாள்தோறும் அதையே செய்தாள். ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் தடிப்பு இறங்கியது. ஆறாவது வாரம் கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மேலாளர் கடிதம் கொடுத்த எண்பத்திரண்டாம் நாள் அவள் காலை வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தாள்.

"ரேகை நேரா ஓடுது பாருங்க. பிரிஞ்ச தையல் சேர்ந்த மாதிரி" என்றாள். மாஸ்டர் குதிகாலை ஊன்றி நின்றார், நடந்தார், குதித்தார். கீழ்வீட்டுக்காரர்கள் வந்து என்ன சத்தம் என்று விசாரித்தார்கள்.

இனி என்ன, சான்றிதழ் வாங்க வேண்டியதுதானே என்று மாஸ்டர் உற்சாகமாக ஆஸ்பத்திரிக்குப் போனார். நேரே தலைமை டாக்டர் முன்னால் போய்க் காலைத் தூக்கிக் காட்டினார்.

தலைமை டாக்டர் பார்த்தார். கிள்ளினார். மாஸ்டர் சிரித்துக்கொண்டு நின்றார். தலைமை டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

"போயிடுச்சே. யார் அனுமதியில போச்சு?"

"தானா... இல்ல, என் மனைவி..."

"நாங்க இன்னும் வைத்தியம் ஆரம்பிக்கவே இல்லையே!" அவர் எழுந்து நின்றுவிட்டார். மாணவர்கள் யாரும் இல்லாதபோதும் அவருக்குப் பிரசங்கம் வந்தது. "இந்த மருத்துவமனையில் சிகிச்சை பெறாமல் குணமானவர் இதுவரை ஒருவர்கூடக் கிடையாது. சிகிச்சை பெற்றுக் குணமாகாதவர்கள் உண்டு. நிறைய உண்டு. ஆனால் அது முறைப்படி நடந்தது. நீங்கள் செய்திருப்பது அப்படி அல்ல. நாளைக்கு எல்லோரும் வீட்டிலேயே குணமாக ஆரம்பித்தால் இந்த ஆறு மாடியை நாங்கள் என்ன செய்வது?"

"தப்புதாங்க" என்றார் மாஸ்டர். குணமானதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

தலைமை டாக்டர் கொஞ்சம் இளகினார். "மரு உங்க பதிவுலயே இல்ல. இல்லாதது போச்சுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? பதிவுல இருக்கறது ஆணி. அதைக் கொண்டு வாங்க. அன்னிக்கே சான்றிதழ்."

மிச்சம் ஆறு நாள். மாஸ்டர் யார் காலையாவது பிடிக்கலாமா என்று யோசித்தார். அந்தக் கட்டடத்தில் இருந்த கால்களின் நிலைமை அவருக்குத் தெரிந்திருந்ததால் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். கடைக்குப் போய் ஓர் ஆணி வாங்கிக்கொண்டு பொருளறைக்குப் போனார்.

பொருளறைக்காரர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "என்னங்க இது?"

"ஆணி."

"மாசக்கணக்கா கால்ல இருந்த ஆணி இப்படியா பளபளன்னு இருக்கும்? முப்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். என்கிட்டயே போலி ஆணியா? எடுத்துட்டுப் போங்க."

அவர் கடமை தவறாதவர். இப்படிப்பட்ட நேர்மையாளர்கள் இருக்கும் வரை அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு குறையும் வராது.

மாஸ்டர் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மனைவி ஒரு துணியை அளந்துகொண்டிருந்தாள். அளந்து முடித்து, அளவு நாடாவை மாட்டுவதற்காகச் சுவரிடம் போனாள். போனவள் அப்படியே நின்றாள். நாடா மாட்டுகிற ஆணி. கல்யாணமான வருஷம் மாஸ்டரே கோணலாக அடித்தது. செம்பழுப்பாகத் துரு ஏறியிருந்தது.

"இது அவருக்குப் பிடிக்குமான்னு பாருங்க" என்று இடுக்கியால் பிடித்து இழுத்துக் கையில் கொடுத்தாள்.

பொருளறைக்காரர் அதை மோந்து பார்த்தார். எடை பார்த்தார். நீளம் அளந்தார். கோணலைத் தடவிப் பார்த்து, "பாவம், நடந்து நடந்து வளைஞ்சிருக்கு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எண்பத்தாறு நாளாகக் காத்திருந்த புட்டிக்குள் ஆணி விழுந்தது. அன்றே சான்றிதழ் வந்தது: 'நோயாளியின் காலில் இருந்த ஆணி வெற்றிகரமாக அகற்றப்பட்டது.'

அதோடு விடவில்லை. மறுநாள் ஒரு விழா வைத்தார்கள். இளம் டாக்டருக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் அதைப் போர்த்திக்கொண்டு மேடையிலேயே தூங்கினார். மாஸ்டரை முதல் வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். தலைமை டாக்டர் பேசினார்.

"மூன்று மாதப் போராட்டம்! நான்கு எக்ஸ்ரேக்களில் தென்படாத ஆணி! அதையே எடுத்திருக்கிறோம் என்றால், தென்படுகிற நோயை எங்களால் என்ன செய்ய முடியாது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இந்த வெற்றியிலிருந்து நாங்கள் ஒரு பாடம் கற்றோம். ஆணி, மரு என்று இரண்டு சொல் இருப்பதால்தான் குழப்பம் வந்தது. ஆகவே இன்றோடு நம் கம்ப்யூட்டர் பட்டியலிலிருந்து மரு என்ற சொல்லை நீக்கச் சொல்லிவிட்டேன். இனிமேல் பாதத்தில் எது வந்தாலும் அது ஆணி. இதன் மூலம் இந்த மருத்துவமனையில் மரு முற்றிலும் ஒழிக்கப்பட்டது!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ஆணியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பாத சுத்தித் தொட்டிக்கு மேலே, தலைமை டாக்டரின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள்.

தொண்ணூறாம் நாள் காலை குளத்தின் மேலாளர் சான்றிதழை வாங்கி அடியில் மட்டும் பார்த்தார்.

"படிக்கலையா சார்?" என்றார் மாஸ்டர்.

"என்ன எழுதியிருக்குன்னு பார்க்கறது என் வேலை இல்ல. முத்திரை இருக்கா, இருக்கு. இறங்குங்க."

மாஸ்டர் இறங்கினார். தண்ணீர் மார்புக்கு ஏறியதும் மூன்று மாதம் நிலத்தில் பட்ட அவமானமெல்லாம் கழன்று போனது. சுவரோரம் போனார். வங்கி அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் இவ்வளவு நாள் மாஸ்டர்? எனக்கு விரலெல்லாம் ஊறிப் போச்சு."

"ஒரு ஆணி விஷயமா அலைஞ்சேன்மா. விடுங்க கையை."

"பிடிப்பீங்கல்ல?"

"பிடிப்பேன். மூணு வரைக்கும் எண்ணுங்க."

வங்கி அம்மா மூன்று எண்ணினார். நாலு எண்ணினார். பதினொன்று வரை எண்ணினார். மாஸ்டர் விசிலை ஊதினார். நியாயமாக அதற்கு அவசியமே இல்லை.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் குளத்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தலைமை டாக்டர் இறங்கினார். எடை கூடிவிட்டதாம், நீந்த வேண்டுமாம். நடையில் ஒரு சாய்வு இருந்தது. மாஸ்டர் வழக்கப்படி அவரைப் பலகை முன்னால் நிறுத்தி உரக்க வாசித்தார். வாசித்துவிட்டு, "சாக்ஸைக் கழட்டுங்க சார்" என்றார்.

"சாக்ஸோட இறங்கக் கூடாதா?"

"கூடாதுங்க."

வலது குதிகாலில் ஒன்று. பக்கத்தில் குட்டியாக இன்னும் இரண்டு. மாஸ்டர் குந்தி உட்கார்ந்தார். படித்த பாடம் மறக்கவில்லை. இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினார். இந்த முறை குளத்தின் அந்தக் கரைக்குக் கேட்டது தலைமை டாக்டரின் குரல்.

"மருங்க சார்."

"எனக்குத் தெரியாதா? புத்தகமே எழுதியிருக்கேன்."

"அப்ப பிளாஸ்டர்..."

"ஒட்டிட்டேன். வீட்டுல, ஒருத்தருக்கும் தெரியாம. காலுக்கு என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும் மாஸ்டர். சான்றிதழுக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியல." அவர் பலகையைப் பார்த்தார். "எனக்கு நானே கையெழுத்துப் போட முடியாது. ஜன்னலுக்குப் போனேன். பட்டியல்ல மரு இல்ல. நான்தானே எடுக்கச் சொன்னேன்? ஆணின்னு போட்டுட்டாங்க."

"ஊசி?"

"நாலு."

"படம்?"

"அதுவும் நாலு. நல்லா எடுக்கறாங்க." தலைமை டாக்டர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மாஸ்டரின் காதருகே வந்தார். "நேத்து ஒரு புது ஆணியோட பொருளறைக்குப் போனேன். என் சொந்த ஆஸ்பத்திரி. போலின்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டான். அன்னிக்கு நீங்க கொடுத்தது வீட்டுச் சுவத்து ஆணின்னு எனக்கு அப்பவே தெரியும், நான் ஒண்ணும் சொல்லலையே. அதே மாதிரி வீட்டுல இன்னொண்ணு கிடைக்குமா? கொஞ்சம் துருப்பிடிச்சதா பாருங்க. தயவுசெஞ்சு மெதுவா பேசுங்க."

மாஸ்டருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னால் முடிந்த அளவுக்கு மெதுவாகத்தான் கேட்டார்.

"எத்தனை இஞ்ச் ஆணி சார் வேணும்?"

குளத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.